பெயரை எழுதலாமா? பால்புதுமையினர் ஆவணக்காப்பகத்தில் பணிபுரியும் மாணவிக்கு

கேள்வி: நான் நூலக அறிவியல் முதுகலை மாணவி. பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக, எல்ஜிபிடிக்யூ சமூகத்தவர் தாங்களே நடத்திவரும் ஆவணக்காப்பகம் ஒன்றில் பத்து வாரங்கள் பணிபுரிகிறேன். ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மூன்று பெட்டிகளை விவரித்துத் தரும், அதாவது அவற்றில் என்னென்ன இருக்கின்றன என்று தேடுபவர்களுக்காகப் பட்டியலிட்டு எழுதும் பொறுப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. கடிதங்கள், நிழற்படங்கள், செய்தி மடல்கள், பேட்ஜ்கள், சில கேசட்டுகள் ஆகியவை அவற்றில் உள்ளன. படங்களில் இருப்பவர்களின் பெயர்களை எழுதலாமா? இன்று இழிவாகக் கருதப்படும் பழைய சொற்களை மாற்றிவிடலாமா? எவ்வளவு விரிவாக எழுத வேண்டும்?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளுள் முதலாவதுதான் மிகக் கடினமானது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். பெட்டி ஓர் அறையில் இருக்கிறது. அதைப் பார்க்க விரும்புபவர் நேரில் வந்து, விண்ணப்பித்து, பணியாளர் முன்னிலையில்தான் திறக்க முடியும். நீங்கள் எழுதும் விவரிப்பு அப்படி அடைபட்டு இருப்பதில்லை. அது இணையத்தில் ஏறியவுடன், ஒருவரின் பெயரைத் தேடுபொறியில் தட்டும் எவர் கண்ணிலும், அவர் உறவினரோ மேலதிகாரியோ முன்னாள் நண்பரோ யாராக இருந்தாலும், பெட்டியைத் திறக்காமலேயே தட்டுப்படும். ஆகவே விவரிப்பை உள்வேலையாக எண்ணாதீர்கள். அதைப் பிரசுரமாகவே கருதி ஒவ்வொரு வரியையும் எழுதுங்கள்.

இந்தச் சேகரிப்புகளில் பெயர் ஏன் இவ்வளவு கனமானது என்பதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1953ஆம் ஆண்டு பிறப்பித்த 10450ஆம் எண் நிர்வாக ஆணை, 'பாலியல் பிறழ்வு' என்பதை அரசுப் பணியிலிருந்து ஒருவரை நீக்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக வைத்தது. அந்தச் சூழலில், சான் பிரான்சிஸ்கோவில் 1955இல் தொடங்கப்பட்ட 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற பெண் தன்பாலீர்ப்பாளர் அமைப்பு, அடுத்த ஆண்டு அக்டோபரில் 'தி லாடர்' என்ற இதழைக் கொண்டுவந்தபோது, அதன் ஆசிரியர் பிலிஸ் லயன் முதல் சில இதழ்களில் ஆன் பெர்கூசன் என்ற புனைபெயரையே பயன்படுத்தினார். சில மாதங்களுக்குள் அவரே அந்தப் புனைபெயரைக் கைவிட்டுத் தம் சொந்தப் பெயரில் எழுதத் தொடங்கினார். அவர் தாமே வெளிப்படுத்தியதால் இன்று இரண்டு பெயர்களையும் நாம் சேர்த்து எழுதலாம். உங்கள் பெட்டியில் உள்ள ஒரு கடிதத்தின் அடியில் புனைபெயரும், உறையில் உண்மைப் பெயரும் இருக்குமானால், அந்த இரண்டையும் இணைக்கும் முடிவை எழுதியவர் எடுத்திருக்கவில்லை. உங்கள் பட்டியலில் ஒரே வரியில் அவற்றை அருகருகே வைத்தால் அவருக்காக நீங்கள் அந்த முடிவை எடுத்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெட்டிகளை ஒப்படைத்தவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பார். அவருக்குக் கடிதம் எழுதியவர்களும் அவர் எடுத்த படங்களில் நிற்பவர்களும் எதிலும் கையெழுத்திட்டிருக்க மாட்டார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் பகுதி எந்த ஆண்டு வரை மூடப்பட்டிருக்க வேண்டும், யார் அனுமதி தர வேண்டும் என்பவை அதில்தான் இருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். இது நான் விளக்கத்துக்காகக் கற்பனை செய்த படம். மணலில் நான்கு பேர் அமர்ந்திருக்கிறார்கள், இருவர் கைகோத்திருக்கிறார்கள், பின்புறத்தில் நீல மையில் 'நாங்கள் நால்வரும், கடைசி நாள்' என்ற வரியும் நான்கு முதற்பெயர்களும் எழுதப்பட்டுள்ளன. பணிக்குப் புதிதாக வரும் மாணவர் பெரும்பாலும், 'இன்னாரும் அவருடைய காதலியும் தோழிகளுடன் கடற்கரையில்' என்று எழுதிவிடுவார். அந்த வரியில் மூன்று ஊகங்கள் இருக்கின்றன: கைகோத்தவர்கள் காதலர்கள், நால்வரும் பெண்கள், முதற்பெயருக்கு உரியவர் நமக்குத் தெரிந்த இன்னார். நான் எழுதுவதானால், 'மணற்பரப்பில் அமர்ந்திருக்கும் நால்வர், இருவர் கைகோத்தபடி. பின்புறத்தில் கையெழுத்துக் குறிப்பும் முதற்பெயர்களும் உள்ளன' என்று நிறுத்திக்கொள்வேன். ஆய்வாளருக்கு அந்தக் குறிப்பு இருக்கிறது என்பது தெரிந்தால் போதும். பெயர்கள் வேண்டுமென்றால் அவர் வந்து படத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். மேடையில் பேசியவர், தேர்தலில் நின்றவர், தம் பெயரில் நூல் வெளியிட்டவர் போன்ற, தாங்களே வெளிப்படையாக இயங்கியவர்களின் பெயர்களைத் தயங்காமல் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

ஆனால் எச்சரிக்கை என்ற பெயரில் எதிர்த்திசையில் தவறிவிடாதீர்கள். அந்தத் தவறுதான் எனக்கு அதிக வருத்தம் தருவது. ஒருவர் இன்னொருவருக்கு முப்பது ஆண்டுகள் காதல் கடிதம் எழுதியிருக்க, பட்டியலில் 'நெருங்கிய நண்பருடனான கடிதப் போக்குவரத்து' என்று எழுதி மூடிவிடுவது ஆவணக்காப்பகங்களில் நெடுங்காலம் நடந்தது. அதனால் தேடி வந்தவர்களுக்கு இவர்கள் அகப்படவே இல்லை. கடிதத்தில் 'என் காதலி' என்று எழுதியிருந்தால், உங்கள் விவரிப்பிலும் காதல் கடிதம் என்றே இருக்க வேண்டும். ஆவணம் சொல்லாததைச் சொல்லாமல் இருப்பதும், சொன்னதை மழுப்பாமல் இருப்பதும் சேர்ந்ததுதான் இந்தப் பணி. வெளிப்படையாகச் சொன்னால் உயிருடன் இருக்கும் ஒருவருக்குத் தீங்கு நேரும் என்ற இடத்தில், 'காதல் கடிதங்கள், 40 உருப்படிகள்' என்று தன்மையை மட்டும் எழுதிப் பெயரை விட்டுவிடலாம்.

திருநர் ஒருவரின் சேகரிப்பாக இருந்தால், அவர் தமக்கென ஏற்றுக்கொண்ட பெயரே தலைப்பிலும் வாழ்க்கைக் குறிப்பிலும் வர வேண்டும். பள்ளிச் சான்றிதழிலும் பழைய கடித உறையிலும் முந்தைய பெயர் இருக்கும். அந்தத் தாள்களைத் திருத்தவோ அகற்றவோ கூடாது. அந்தப் பெயரைத் தேடுபொறிக்குக் கிடைக்கும் இடத்தில் எடுத்துப் போட வேண்டிய தேவையும் இல்லை. அவர் உயிருடன் இருந்தால் அவரிடமே கேட்கும்படி உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

இனிச் சொற்களுக்கு வருவோம். ஆவணத்தை ஆக்கியவர்கள் எழுதிய சொற்களை மாற்றாதீர்கள். ஒரு செய்தி மடலின் பெயரிலோ கூட்டத்தின் தலைப்பிலோ வசைச்சொல் ஒன்று இருக்குமானால், அதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தாருங்கள். பலர் அந்தச் சொல்லை வேண்டுமென்றே தமதாக்கிக் கொண்டவர்கள். நீங்களாக எழுதும் வரிகளிலோ அந்தச் சமூகத்தார் இன்று ஏற்கும் சொற்கள் இருக்க வேண்டும். தமிழில் எழுதுவதானால் பால்புதுமையினர், தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, திருநங்கை, திருநம்பி, ஊடுபால் என்று நல்ல சொற்கள் புழக்கத்தில் உள்ளன. எனினும் 1950களில் வாழ்ந்த ஒருவருக்கு இன்றைய அடையாளச் சொல்லை மாட்டிவிடுவதற்கு முன், அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்று கடிதங்களில் தேடிப் பாருங்கள்.

ஓர் ஆவணம் எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புகளுக்குப் பொதுவான பட்டியல்கள் மட்டும் போதாது. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 1970களின் தொடக்கம் வரை தன்பாலீர்ப்பு பற்றிய நூல்களை 'இயல்பற்ற பாலுறவுகள்' என்ற பிரிவின்கீழ் அடுக்கிவந்தது. அமெரிக்க நூலகச் சங்கத்துக்குள் 1970இல் உருவான தன்பாலீர்ப்பாளர் விடுதலைப் பணிக்குழு இத்தகைய வகைப்பாடுகளை எதிர்த்துப் போராடியது. அதை நெடுங்காலம் வழிநடத்திய பார்பரா கிட்டிங்ஸ் தொழில்முறை நூலகர்கூட அல்லர். இன்று பால்புதுமையினர் தொடர்பான பொருள் தலைப்புகளுக்கென்றே 'ஹோமோசாரஸ்' என்ற சொற்களஞ்சியம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் உள்ள பால்புதுமையினர் ஆவணக்காப்பகத்தில் 1997இல் தோன்றி, இப்போது இணையத்தில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் வகையில் வளர்ந்துள்ளது. பொதுத் தலைப்போடு அதிலிருந்தும் ஒன்றிரண்டைச் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் காப்பகத்துக்கென்று தனி மரபு இருந்தால் அதுவே முதன்மையானது. நியூயார்க்கில் 1974இல் தொடங்கிய லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ், தந்தையிடமோ கணவரிடமோ இருந்து வரும் குடும்பப் பெயரைத் தவிர்த்து, நூல்களை ஆசிரியரின் முதற்பெயர் வரிசையில் அடுக்குகிறது. வகுப்பில் கற்றதற்கு மாறாக இருக்கிறதே என்று அதைத் திருத்தப் போகாதீர்கள்.

விரிவு பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பன்னாட்டு ஆவணக்காப்பகக் கழகத்தின் பொது விவரிப்புத் தரத்தில் 26 கூறுகள் உள்ளன. அவற்றுள் குறியீட்டு எண், தலைப்பு, ஆக்கியவர், காலம், அளவு, விவரிப்பின் நிலை (முழுச் சேகரிப்பா, தொகுதியா, கோப்பா என்பது) ஆகிய ஆறும் கட்டாயமானவை. முதல் இரண்டு நாட்கள் எதுவும் எழுதாமல், எதையும் இடம் மாற்றாமல், மூன்று பெட்டிகளையும் பார்த்து முடியுங்கள். உரியவர் தாமே அடுக்கிய ஒழுங்கு தெரிந்தால் அதைக் கலைக்காதீர்கள். யாருடைய கடிதங்களை யாருடைய படங்களுடன் சேர்த்துக் கட்டிவைத்தார் என்பதே ஒரு செய்தி. பிறகு கடிதங்கள், படங்கள், அச்சுப் பொருட்கள் என்ற தொகுதி அளவில் விவரித்து, தேவைப்படும் இடத்தில் மட்டும் கோப்பு அளவுக்கு இறங்குங்கள். மார்க் கிரீன், டென்னிஸ் மைஸ்னர் இருவரும் 2005இல் எழுதிய கட்டுரை வற்புறுத்தியதும் இதையே: ஒவ்வொரு தாளையும் பட்டியலிட்டுக் கொண்டிருந்தால் மற்ற சேகரிப்புகள் பல ஆண்டுகள் எவர் கைக்கும் எட்டாமல் கிடக்கும். மேசையில் பென்சில் மட்டும் இருக்கட்டும். படச்சுருள்களில் காடி நெடி அடித்தால் சுருளின் அசிட்டேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்; அவற்றை உடனே தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

சந்தாதாரர் முகவரிப் பட்டியல், ஆதரவுக் குழுவின் வருகைப் பதிவு, எச்ஐவி பரிசோதனைத் தாள் ஆகியவற்றுள் எது கிடைத்தாலும் அங்கேயே நிறுத்தி மேற்பார்வையாளரை அழையுங்கள். அவற்றை மூடுவதா, மூடினால் எத்தனை ஆண்டுக்கு என்பது உங்கள் தனி முடிவாக இருக்கக் கூடாது. கிழித்து எறிவது எவருடைய முடிவாகவும் இருக்கக் கூடாது. கைபேசியில் படமெடுத்து வகுப்புத் தோழர்களுக்கு அனுப்புவதும் வேண்டாம். 1980களின் சேகரிப்புகளில் கடிதங்கள் திடீரென நின்று, அடுத்த உறையில் இரங்கல் குறிப்பு இருப்பது அரிதன்று. அந்த நாளில் பணியை நிறுத்திவிட்டு யாரிடமாவது பேசுங்கள். அங்கே இருப்பவர்களில் பலர் அதே உறைகளைத் திறந்தவர்கள்தான்.

கடைசியில், யார் எப்போது என்ன செய்தார், எந்த வரிசையை மாற்றினார், எந்தத் தலைப்புகள் விவரித்தவர் இட்டவை என்பதைச் சொல்லும் பணிக்குறிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தக் குறிப்பில் உங்கள் பெயர் வருவது உங்கள் உரிமை. அதுவும் தேடுபொறியில் நிற்கும் என்பதால், முழுப்பெயரா, தலைப்பெழுத்துகளா, 'பயிற்சி மாணவர்' என்று மட்டுமா என்பதைப் பணியின் முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிடுங்கள்.