செயற்கை எலும்புத் துண்டில் ஏன் இத்தனை ஓட்டைகள்? கெட்டியாகச் செய்தால் என்ன?

உங்கள் அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிய இடத்தில் செயற்கை எலும்பை நிரப்பி, பக்கத்தில் பிளேட்டும் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிரப்பியதே கெட்டியாக இருந்தால் பிளேட் எதற்கு என்பது உங்கள் சந்தேகம்.

கெட்டியாகச் செய்யலாம், பலமாகவும் இருக்கும். ஆனால் அது உடம்புக்குள் கல்லாகவே கிடக்கும். மேலே மட்டும் எலும்பு ஒட்டும், உள்ளே போக வழி கிடையாது. அம்மாவின் சொந்த எலும்பு அங்கே வளர வேண்டும் என்றால் செல் நுழைய வேண்டும், செல் பிழைக்க ரத்தம் வேண்டும். ரத்தக்குழாயை விட்டு 200 மைக்ரானுக்கு மேல் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தள்ளியிருந்தால் செல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் ரத்தக்குழாயும் உள்ளே வர, ஓட்டை குறைந்தது 100 மைக்ரான் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 300-ஐத் தாண்டினால் ரத்தக்குழாய் இன்னும் தாராளமாக உள்ளே வரும்.

அளவைவிட நான் முதலில் பார்ப்பது, ஓட்டைக்கு ஓட்டை வழி இருக்கிறதா என்பதைத்தான். கதவில்லாத அறைகள் நூறு இருந்து என்ன பயன்? எங்கள் ஆய்வகத்தில் சோபா ஸ்பாஞ்ச் போன்ற ஒன்றை ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் தாது) பொடிக் கூழில் முக்கிப் பிழிந்து, காயவைத்து, உலையில் வைப்போம். ஸ்பாஞ்ச் எரிந்துபோகும். அப்புறம் 1200 டிகிரி வாக்கில் பொடி இறுகி, ஸ்பாஞ்சின் வடிவம் மட்டும் நிற்கும். பிழிவதில்தான் கைப்பக்குவம். கூழ் அதிகம் தங்கினால் வழி அடைபடும். ஒட்டப் பிழிந்தால் விரலால் அழுத்தினாலே நொறுங்கும். வெந்த துண்டின் ஒரு முனையைச் சிவப்பு மையில் வைத்தால் மை தானாக மேலே ஏறும். ஏறாத இடத்தை வெட்டிப் பார்த்தால் அங்கே கூழ் அடைத்திருக்கும்.

நாங்கள் படும் இந்தப் பாடு கடல் பவளத்துக்குத் தேவையே இல்லை, அதில் ஓட்டைகள் இயற்கையாகவே இருக்கின்றன. 1974-இல் அமெரிக்காவில் டெல்லா ராய், சாரி லின்னஹன் இருவரும் பவளத்தின் கால்சியம் கார்பனேட்டை, ஓட்டை அமைப்பு கலையாமல் ஹைட்ராக்சிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார்கள். போரைட்டிஸ் பவளத்தில் ஓட்டை சுமார் 200 மைக்ரான், கோனியோபோராவில் 500, எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. அந்த வழியில் வந்த எலும்பு நிரப்பிகள் ஆபரேஷன் தியேட்டர் வரை போய்விட்டன.

சரி, பிளேட்டுக்கு வருகிறேன். ஓட்டை கூடக் கூட பலம் குறையும், இதற்கு இன்னும் யாரும் முழுத் தீர்வு கண்டுபிடிக்கவில்லை. புது எலும்பு ஓட்டைகளை நிரப்பும் வரை உடம்பின் எடையைப் பிளேட்தான் தாங்கும். நிரப்பியது ஹைட்ராக்சிஅபடைட் என்றால், எலும்பு கூடிய பிறகும் பல வருடங்களுக்கு எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம்.