பாம்பு வருமுன் பெட்டி சூடாகியிருக்க வேண்டும்

கேள்வி: ரொறொன்ரோவில் இருக்கும் என் மகன், பதின்மூன்று வயதுப் பேரனுக்குப் பிறந்தநாள் பரிசாக ‘போல் பைதன்’ என்ற மலைப்பாம்புக் குட்டி வாங்கிக் கொடுக்கப் போகிறான். மார்கழியில் நான் அங்கே போய் ஆறு மாதம் நிற்பேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், பகலில் வீட்டில் நானும் பாம்பும்தான். அதற்கு எப்படிப்பட்ட கூடு வேண்டும்? நான் எதைக் கவனிக்க வேண்டும்? நாங்கள் சைவம். யாழ்ப்பாணத்திலும் ஒன்று வளர்க்கலாமா என்று பேரன் கேட்கிறான். – வாசகி, கொக்குவில்

பதில்: அம்மா, பேரனின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இங்கே வளர்க்க முடியாது. வன்னிக் காடுகளிலும் வயலோரங்களிலும் வாழும் நம்முடைய மலைப்பாம்பு சட்டத்தால் பாதுகாக்கப்படும் உயிர். அதைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். கோழிக்கூட்டுக்குள் ஒன்று புகுந்துவிட்டாலும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதுதான் முறை. வெளிநாட்டுப் பாம்பையும் அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது.

மகன் வாங்கப்போவது வேறு இனம். கானா, டோகோ, பெனின் நாடுகளில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒளிந்து வாழ்வது. நஞ்சு கிடையாது. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பெரும்பாலும் ஒரு மீற்றருக்கும் ஒன்றரை மீற்றருக்கும் இடையில்தான் வளரும். ஆனால் 20, 30 ஆண்டுகள் உயிர்வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்கியல் பூங்காவில், 60 வயதைத் தாண்டியதாகக் கருதப்பட்ட ஒரு போல் பைதன் 2020இல் முட்டையிட்டது. பேரன் படிக்க வேறு ஊருக்குப் போனால் பாம்பை யார் பார்ப்பது என்பதை வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். மாநகரசபையின் செல்லப்பிராணி விதிகளையும் மகன் படித்துப் பார்க்கட்டும். காட்டில் பிடித்த பாம்பு உண்ணியும் குடற்புழுவுமாக வரும். வளர்ப்பில் பொரித்த குட்டியைத்தான் வாங்க வேண்டும்.

இனிக் கூடு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் நாம் சூட்டைப் பற்றி யோசிப்பதே இல்லை. நிழலில்கூட 30 பாகை இருக்கிறது. ரொறொன்ரோவில் மார்கழி மாதம் வீட்டுக்குள் 20, 21 பாகைதான் இருக்கும். நமக்கு ஒரு சுவெட்டர் போதும். பாம்பின் உடலோ தானாகச் சூட்டை உண்டாக்காது. சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை செரிக்காது, நுரையீரலில் சளி கட்டும். அதற்காகப் பெட்டி முழுவதையும் ஒரே அளவில் சூடாக்கிவிடவும் கூடாது. ஒரு முனையில் 31 முதல் 33 பாகை, மறுமுனையில் 24 முதல் 27 பாகை வைத்தால், தனக்கு வேண்டிய இடத்துக்குப் பாம்பே ஊர்ந்து போய்க்கொள்ளும். அப்படி இடம் மாறுவதற்கு நீளம் வேண்டும் என்பதால்தான், வளர்ந்த பாம்புக்கு 120 சென்ரிமீற்றர் நீளமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பெட்டி தேவைப்படுகிறது.

பணம் மிச்சம் பிடிப்பதென்றால் அழகுப் பொருட்களில் பிடிக்கட்டும், சூட்டை வைத்த அளவிலேயே நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டில் வேண்டாம். சூட்டு விளக்கோ சூட்டுப் பாயோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் வழியாகவே மின்சாரம் எடுக்க வேண்டும். நேரே சொருகினால் பாம்பின் வயிறு வெந்துபோகும். தோல் கருகும்வரை அது விலகாமல் கிடப்பதும் உண்டு. கடைகளில் விற்கும் சூடாகும் கல் வேண்டவே வேண்டாம். விளக்குக்குக் கம்பிவலைக் காப்பும், இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு டிஜிற்றல் வெப்பமானியும் வையுங்கள். பகலில் வெளிச்சம், இரவில் முழு இருட்டு. சிவப்பு மின்குமிழ் தேவையில்லை. பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வெறும் பெட்டியை இயக்கி, காலையிலும் இரவிலும் அளவைக் குறித்துப் பாருங்கள். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பாம்பைக் கொண்டுவந்த பிறகு சூட்டைச் சரிபார்க்கத் தொடங்கும் வீடுகளில்தான் குட்டிகள் நோயில் விழுகின்றன.

சூட்டுக்கு அடுத்தது மறைவிடம். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒரேயொரு மறைவிடம் இருந்தால், சூடு தேவைப்படும்போதும் அச்சத்தால் அது அந்த இடத்தை விட்டு நகராது. பெரிய குகை வேண்டாம். சுருண்டு படுத்தால் விலாவும் முதுகும் சுவரில் முட்ட வேண்டும். அப்போதுதான் அதற்குத் தைரியம் வரும். ஒரு சிறிய மண்சட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் வாசல் உடைத்து, உடைந்த கூர்முனைகளை அரத்தாளால் தேய்த்தால் போதும். பெட்டி பெரிதாகவும் குட்டி சிறிதாகவும் இருந்தால் இடையில் செயற்கை இலைகளையும் மரப்பட்டைகளையும் நெருக்கமாகப் போடுங்கள்.

அடியில் பரப்பத் தென்னந்தும்புத் தூள் நல்லது. தேவதாரு, பைன் மரச் சீவல்கள் கூடாது. அவற்றின் எண்ணெய் வாசம் மூச்சைக் கெடுக்கும். ஈரப்பதன் 60 வீதம் அளவில் இருக்கட்டும். குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றை உலர்த்திவிடும் என்பதால், பகலில் உங்களுக்கு இருக்கும் முக்கியமான வேலை இதுதான்: ஈரமானியைப் பாருங்கள், குறைந்தால் தூளில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். மேற்பரப்புச் சொதசொதக்கக் கூடாது. கண் நீலம் பூத்தால் தோல் உரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்த நாட்களில் ஈரம் கூட வேண்டும், தொடக் கூடாது. கண்மேல் தோல் ஒட்டி நின்றால் பிய்க்காதீர்கள், மருத்துவர் பார்க்கட்டும். சரிந்து விழாத கனமான பாத்திரத்தில் தினமும் புதுத் தண்ணீர் வையுங்கள். பாலும் முட்டையும் வைக்கும் வழக்கம் கோயில் புற்றோடு நிற்கட்டும். இந்தப் பாம்புக்குத் தண்ணீர் மட்டும்தான்.

சைவ வீடு என்றீர்கள். இதை மறைக்க மாட்டேன்: இந்தப் பாம்பு எலி தின்றே வாழும், வேறு வழி இல்லை. கொன்று உறையவைத்த எலிகள் கடையில் கிடைக்கும். அவற்றுக்கென்று ஒரு சிறிய உறைபெட்டியை நிலவறையில் வைக்கச் சொல்லுங்கள். சமையலறைக்குள் எதுவும் வர வேண்டியதில்லை. உறைநீக்கி, வெந்நீரில் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பேரனே கொடுக்கட்டும். பாம்பின் உடலில் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு பருமனான எலி போதும். குட்டிக்கு வாரம் ஒன்று. வளர்ந்த பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் என்பதால், வெள்ளிக்கிழமையையும் கந்தசஷ்டியையும் தவிர்த்து நாள் வைப்பது கடினமில்லை. அதற்கும் உங்கள் மனம் ஒப்பாவிட்டால், வாங்குமுன்பே மகனிடம் சொல்லிவிடுவது நல்லது.

வந்த முதல் வாரம் யாரும் தூக்க வேண்டாம். உண்ட பின் இரண்டு நாளும் அப்படியே. சாப்பிடவில்லையே என்று நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். வளர்ந்த போல் பைதன் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உண்ணாமல் கிடப்பது வழமை. எடை குறையாதவரை பயமில்லை. குட்டி பல வாரம் மறுத்தால் சூட்டையும் மறைவிடத்தையும் சரிபாருங்கள், பிறகு மருத்துவரிடம் போகலாம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அன்றைக்கே போக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவர் எல்லா இடத்திலும் இருக்க மாட்டார். முகவரியை இப்போதே தேடி வைக்கச் சொல்லுங்கள்.

மூடிக்குப் பூட்டு அவசியம். சிறு இடைவெளி கிடைத்தாலும் தலையால் நெம்பி வெளியேறிவிடும். சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம் என்பதால், பெட்டியைத் தொட்டபின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் பாம்பைத் தொட விடாதீர்கள்.