மணியை ஜெர்மனிக்கு அழைத்துச் செல்லலாம், ஆனால் ஆறு வாரத்தில் முடியாது

கேள்வி: என் கணவருக்கு மியூனிக் நகரில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் ஆறு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டில் மணி என்ற ஆறு வயது நாட்டு நாய் இருக்கிறான். தெருவில் குட்டியாகக் கிடந்தவனை எடுத்து வளர்த்தோம். ஆண்டு தவறாமல் ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறோம், மைக்ரோசிப் பொருத்தியதில்லை. பழைய தேதியிட்ட சான்றிதழ்களை வாங்கி மூன்றே வாரத்தில் அனுப்பிவிடலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். ஊரில் யாரிடமாவது விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்கிறார் மாமியார். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனம் ஒப்பாதது சரியே. மணியை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஏஜென்ட் காட்டும் வழியிலும் போகக் கூடாது. ஆனால் ஆறு வாரத்துக்குள் அவன் ஜெர்மனிக்குள் நுழைய முறையான வழி எதுவும் கிடையாது. இன்றே தொடங்கினாலும் குறைந்தது நான்கு மாதங்கள் ஆகும். ஆகவே உங்கள் கணவர் முதலில் செல்லட்டும், நீங்கள் மணியுடன் பின்னால் செல்லுங்கள் என்பதே என் யோசனை.

வெறிநாய்க்கடி நோய் கட்டுக்குள் இருக்கும் நாடுகள் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இந்தியா அதில் இல்லாததால், இங்கிருந்து செல்லும் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசிச் சான்று மட்டும் போதாது. தடுப்பூசி உடலில் வேலை செய்திருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையால் நிரூபிக்க வேண்டும். இதில் பலரும் இடறும் இடம், நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாள எண் கொண்ட மைக்ரோசிப். சிப் பொருத்திய அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ஊசியைத்தான் அதிகாரிகள் கணக்கில் எடுப்பார்கள். ஊசி போடப்பட்ட நாய் இதுதான் என்பதற்கு அந்தச் சிப் எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே மணிக்கு ஆறு ஆண்டுகளாகப் போட்ட ஊசிகள் காகிதத்தில் செல்லாது. ஆனாலும் அவை வீணாகவில்லை. தொடர்ந்து ஊசி போட்ட உடலில் எதிர்ப்புச் சக்தி நன்றாகவே ஏறும் என்பதால், பரிசோதனையில் தேறுவது அவனுக்குப் பெரும்பாலும் எளிதாக இருக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜூன் 1 அன்று சிப் பொருத்தி, அதே நாளில் ரேபிஸ் ஊசியும் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் கழிந்த பிறகே ரத்தம் எடுக்கலாம் என்பதால், ஜூலை 2 அன்று எடுக்கிறீர்கள். அந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் குளிர் கெடாமல், ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகம் ஒன்றுக்கு உங்கள் கால்நடை மருத்துவர் வழியாக அனுப்ப வேண்டும். வேறு எந்த ஆய்வகத்தின் முடிவும், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஏற்கப்படாது. ரேபிஸை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். இருந்தால், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அதாவது அக்டோபர் 2 கழிந்த பிறகுதான் மணி ஐரோப்பிய மண்ணில் இறங்க முடியும். முடிவு வரும் நாளிலிருந்து அல்லாமல் ரத்தம் எடுத்த நாளிலிருந்து எண்ணுவதால், ஆய்வகம் எடுத்துக்கொள்ளும் நாட்கள் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

இந்த மூன்று மாதத்தை வெறும் அலுவலகத் தாமதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி போட்ட சமயத்தில் ஒரு நாயின் உடலில் ரேபிஸ் கிருமி ஏற்கெனவே நுழைந்திருந்தால், ரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்பட்ட பிறகும் நோய் வெளிப்படக்கூடும். அப்படி ஒளிந்திருக்கும் நோய் வெளிப்பட அவகாசம் தருவதற்காகவே இந்தக் காத்திருப்பு. நரிகளுக்கு இரைகளில் தடுப்பு மருந்து வைத்து ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு, 2008இல்தான் ஜெர்மனி தன் மண்ணை நாய், நரி வழி ரேபிஸ் இல்லாத மண்ணாக அறிவிக்க முடிந்தது. 2021இல் துருக்கியிலிருந்து விதிகளை மீறிக் கொண்டுவரப்பட்ட ஒரு குட்டி நாய்க்கு பிரேமன் நகரில் அந்த நோய் கண்டறியப்பட்டு, அதனுடன் பழகியவர்களை எல்லாம் தேடிப் பிடித்துத் தடுப்பு மருந்து செலுத்த வேண்டியதாயிற்று. அத்தகைய நாட்டின் எல்லையில் பழைய தேதியிட்ட சான்றிதழை நீட்டத்தான் உங்கள் ஏஜென்ட் சொல்கிறார். பிடிபட்டால் மணியைத் திருப்பி அனுப்பலாம், உங்கள் செலவில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாம், இரண்டும் இயலாதபோது கருணைக்கொலை செய்யவும் சட்டம் இடம் தருகிறது. ஏஜென்ட்டுக்குப் போவது ஒரு வாடிக்கையாளர். உங்களுக்குப் போவது மணி. அவரிடம் இதற்கு மேல் பேசவே வேண்டாம்.

இனி, ஏஜென்ட்டுகள் பலர் சொல்லாமல் விடும் ஒன்று. சொந்த நாயாக, வணிக நோக்கமின்றி அழைத்துச் செல்வது என்றால், அதன் உரிமையாளர் பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாள் முன்பின்னுக்குள் நாயும் பயணம் செய்ய வேண்டும். வேறொருவர் எழுத்துமூலம் அதிகாரம் பெற்றுக் கூட்டிச் சென்றாலும் இந்த ஐந்து நாள் வரம்பு மாறாது. மணி உங்கள் கணவர் பெயரில் இருந்து, அவர் நான்கு மாதம் முன்பே போய்விட்டால், அது வணிக வகையில் சேர்ந்து வேறு விதிகளுக்குள் போய்விடும். ஆகவே சிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ஆய்வக விண்ணப்பம் எல்லாவற்றிலும் தொடக்கத்திலிருந்தே உரிமையாளராக உங்கள் பெயரை, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

சிப் வாங்கும்போது ஐ.எஸ்.ஓ. தரத்தில் உள்ள 15 இலக்க எண்ணுடையதா என்று பாருங்கள். அதைப் பொருத்தியவுடனும், ஊசி போடும் முன்னும், ரத்தம் எடுக்கும் முன்னும் மருத்துவரை ரீடரால் மணியின் கழுத்தோரம் தடவிப் பார்த்து எண்ணை வாசிக்கச் சொல்லி, கையில் உள்ள காகிதத்துடன் இலக்கம் இலக்கமாக நீங்களே ஒப்பிடுங்கள். ஆய்வக அறிக்கையில் 6 என்பது 8 ஆகிப்போனால், அதைத் திருத்தி வாங்கும் வரை அது வேறொரு நாயின் அறிக்கைதான். பரிசோதனையில் தேறிய பிறகு அடுத்த தடுப்பூசியை ஒரு நாள்கூடத் தவறவிடாதீர்கள். ஊசியின் காலம் முடிந்துவிட்டால் ரத்தப் பரிசோதனையும் மூன்று மாதமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

பயணத்துக்கு முந்தைய நாட்களில் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்துக்கு மணியை நேரில் கொண்டுபோக வேண்டியிருக்கும். ஏ.க்யூ.சி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நிலையம் சென்னைப் பள்ளிக்கரணையிலும் பெங்களூரிலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவத்தில் அங்குள்ள அரசு மருத்துவர் தரும் உடல்நலச் சான்று, கையெழுத்திட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் எல்லையில் காட்டப்பட வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கிவிட்டு விமானம் தள்ளிப்போனால் மறுபடி அலைய நேரும். படிவம் அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், ஜெர்மன் சுங்கத்துறையின் இணையதளத்தை அந்த வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நடுவே வேறொரு ஐரோப்பிய நாட்டில் இறங்கி மாறினால் சோதனை அங்கேயே நடக்கும் என்பதால், சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கோ பெங்களூரிலிருந்து மியூனிக்குக்கோ நேர் விமானம் பிடிப்பதையே விரும்புவேன். இறங்கியதும், சுங்கத்தில் தெரிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நடந்துவிடாமல், சிவப்பு வழியில் சென்று மணியைப் பற்றி நீங்களே தெரிவிக்க வேண்டும்.

கூண்டை இப்போதே வாங்கிவிடுங்கள். மணி அதனுள் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்க வேண்டும். அதைக் கூடத்தில் கதவு திறந்தபடி வைத்து, சாப்பாட்டுத் தட்டை முதலில் வாசலிலும் சில நாள் கழித்து உள்ளேயும் வையுங்கள். அவனாகவே உள்ளே போய்த் தூங்கத் தொடங்கிய பிறகு கதவைச் சிறிது நேரம் சாத்திப் பழக்குங்கள். தெருவிலிருந்து வந்த நாய்க்கு அடைபட்ட இடம் பெரும் பயம் தரும் என்பதால், நான்கு மாதக் காத்திருப்பு இதற்கு நல்ல வாய்ப்பு. தூக்க மருந்து மட்டும் வேண்டாம். உயரத்தில் அது மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கும், மயக்க நிலையில் உள்ள விலங்கை விமான நிறுவனங்களும் பொதுவாக ஏற்பதில்லை.

உங்கள் கணவர் முன்னதாகச் செல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜெர்மனியில் வாடகை வீட்டில் நாய் வைத்துக்கொள்ள வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவைப்படும். நாய் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும்படி கணவரிடம் சொல்லுங்கள். மியூனிக்கில் வீடு கிடைப்பதே கடினம், நாயுடன் கிடைப்பது அதனினும் கடினம். நகராட்சிக்கு ஆண்டுதோறும் நாய் வரி கட்ட வேண்டும். மணி யாரையாவது கடித்துவிட்டால் இழப்பீட்டுக்கு உதவும் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள்.

அங்கே சென்று சேர்ந்ததும் ஒரு கால்நடை மருத்துவரிடம் மணிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்லப்பிராணிப் பாஸ்போர்ட் வாங்கி, ரத்தப் பரிசோதனையின் முடிவை அதில் பதியச் சொல்லுங்கள். ஊசிகள் விடுபடாத வரையில், பின்னர் நீங்கள் விடுமுறைக்கு மணியுடன் கோவை வந்து திரும்பும்போது அந்த மூன்று மாதம் மறுபடி காத்திருக்க வேண்டியிராது.