கால் விளங்காமல் போய்விடுமோ, டொக்டர்?

வெள்ளவத்தைச் சகோதரிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது கடைசி வரிதான்: "பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பில் குனிந்து நிமிரும்போது டிஸ்க் வெடித்து, கால் விளங்காமல் போய்விடுமோ?"

அந்தப் பயத்தை விடுங்கள். எம்.ஆர்.ஐ அறிக்கையில் 'டிஸ்க் புடைப்பு', அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை சற்றுப் பிதுங்கியிருக்கிறது, என்றதைப் பார்த்ததும் யூடியூப்பில் தேடினீர்களே, வினை அங்கேதான் தொடங்கியது. முதுகுவலியே அறியாத நாற்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் கிட்டத்தட்ட இரண்டில் ஒருவருக்கு இந்தப் புடைப்பு இருக்கும். உங்களுக்கு 42. நாரியில் கேட்கும் 'டக்' சத்தம் வலிக்காவிட்டால் அதற்கு வைத்தியமே தேவையில்லை.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்று. உங்கள் கடிதத்தில் அது இல்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். சைக்கிள் சீற்றில் படும் இடம் மரத்துப்போவது. கழுவும்போது தண்ணீர் படுவதே தெரியாமலிருப்பது. சிறுநீர் முட்டியும் இறங்காமல் நிற்பது, அல்லது தெரியாமலே கசிவது. இரண்டு கால்களும் தளர்வது. முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கொத்து நசிவதன் அடையாளங்கள் இவை. அரிதாகத்தான் வரும். வந்தால் விடியட்டும், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது தேசிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சத்திரசிகிச்சை மணிக்கணக்கில் தாமதித்தாலும் இழந்த உணர்வு திரும்பாமல் போகலாம்.

நீங்கள் எழுதியிருக்கும், இடது காலில் மட்டும் ஓடும் விறுவிறுப்பு இதுவல்ல. பெரும்பாலும் சில கிழமைகளில் தணியும். பாதம் இழுபடத் தொடங்கினால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

சரி, பிலாட்டீஸ். தாராளமாகப் போங்கள். இது நேற்று வந்த நாகரிகம் அல்ல. ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மானியர் முதலாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியத் தடுப்பு முகாமில் இருந்தபோது வளர்த்தெடுத்த பயிற்சி. நாட்பட்ட நாரி வலியைக் குறைக்கிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் மற்றப் பயிற்சிகளை விட மேல் என்று அவை இன்னும் உறுதியாகக் காட்டவில்லை. ஆகவே கட்டணம் கட்டுப்படியாகாவிட்டால், சுதந்திர சதுக்கத்தில் தினமும் அரை மணிநேரம் நடந்தாலும் வீண்போகாது.

அடிப்படை இதுதான். மல்லாந்து படுத்து முழங்காலை மடியுங்கள். சேலைக் கொய்யகத்தைச் செருகும்போது அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுப்பீர்களே, அதே அளவு இழுத்து, மூச்சை விட்டபடி ஒரு காலை மட்டும் தூக்குங்கள். மூச்சை அடக்கினால் பலனில்லை. முதுகை உருட்டி எழும் 'ரோல்-அப்' இப்போதைக்கு வேண்டாம். விறுவிறுப்பு இருப்பதைப் பயிற்றுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தசை நோவு ஓரிரு நாளில் போகும். வலி காலுக்குள் கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள்.

எனக்குக் கோபம் வந்தது வேறோர் இடத்தில். பிரஷருக்கு லொசார்ட்டன் குடிக்கும் நீங்கள், மூன்று மாதமாக பாமசியில் கேட்டு வாங்கி டைக்ளோபெனாக் என்ற வலிக்குளிசையும் போட்டிருக்கிறீர்கள். அது வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், லொசார்ட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்றைக்கே நிறுத்துங்கள். லொசார்ட்டனை நிறுத்த வேண்டாம். இந்தக் கிழமையே உங்கள் வைத்தியரிடம் போய் பிரஷரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை இரத்தத்திலும் பாருங்கள். மிச்சமிருக்கும் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.