மருந்தடித்துவிட்டு வந்தால் வாந்தி: வெயிலா, விஷமா?

பெரம்பலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவர் பருத்திக்குக் கூலிக்கு மருந்தடிக்கிறார். அடித்த அன்றெல்லாம் தலைவலி, வாந்தி, கண் மங்கல். வெயில் என்கிறார். கடைக்காரர் மோர் குடிக்கச் சொல்கிறார். ரத்தம் டெஸ்ட் பண்ணலாமா?"

வெயிலிலும் வாந்தி வரும். ஆனால் வெயிலால் கண்பாவை சுருங்காது, எச்சில் ஊறி வழியாது, தசை தானாகத் துடிக்காது. புரபனோபாஸ் போன்ற பூச்சிமருந்துகள்தான் அப்படிச் செய்யும். பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கினாலோ மூச்சு இறுக்கினாலோ உடனே 108.

மோரை விடுங்கள். மருந்தடிப்பவர் உடம்பில் விஷம் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் ஏறுகிறது, கையிலும், நனைந்த வேட்டி ஒட்டிக்கிடக்கும் தொடையிலும். வந்ததும் துணியைக் கழற்றிவிட்டுத் தலையோடு சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு ஊறவைக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்தக் கடைக்காரர் மேல்தான். இதையும் அதையும் கலந்து அடித்தால் புழு சாகும் என்று பில் இல்லாமல் கொடுப்பார், சில்லறையாக வேறு பாட்டிலில் ஊற்றியும் கொடுப்பார், அப்புறம் ஆஸ்பத்திரியில் என்ன மருந்து என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 2017-ல் மகாராஷ்டிராவின் யவத்மாளில் மருந்தடித்த 20 பேருக்கு மேல் செத்தார்கள், அங்கேயும் கலவை அடித்த கதைதான். டப்பாவோடு முறிவு மருந்து எழுதிய சீட்டு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எறும்பு எழுத்தில் பல மொழிகளில் அச்சடித்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள், கூலிக்காரர் அதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. லேபிளை போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பாராகுவாட் என்ற களைக்கொல்லி இருக்கிறது. மற்ற விஷத்தில் மூச்சு முட்டினால் ஆக்சிஜன் வைப்போம், இதில் தேவைக்கு மேல் வைத்தால் நுரையீரல் இன்னும் கெடும். புரபனோபாஸ் வகை விஷத்துக்குப் போடும் அட்ரோபின் ஊசி இதற்கு உதவாது, வேறு முறிவும் கிடையாது. வாய்க்குள் போனால் முதலில் வாய்ப்புண் அளவில்தான் தெரியலாம், பிறகு சிறுநீரகமும் நுரையீரலும் போகும். புண்ணான தோல் வழியாகவும் ஏறும். களைக்கொல்லி என்றால் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

சரி, டெஸ்ட். கோலினெஸ்டரேஸ் என்று கேளுங்கள், புரபனோபாஸ் போன்ற மருந்துகள் முடக்கிவிடும் ரத்த நொதி அது. ஒருமுறை எடுத்தால் போதாது, ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஒரு மாதமாவது மருந்தடிக்காமல் இருந்தபின் ஒன்று, மருந்தடிக்கும் பருவத்தில் ஒன்று, இரண்டையும் ஒப்பிட வேண்டும். நன்றாகக் குறைந்திருந்தால், பழைய அளவுக்கு ஏறும்வரை டேங்க்கைத் தொடக்கூடாது. ஊர் ஊராகச் சர்க்கரைக்கு முகாம் போடுகிறார்களே, பருத்திக் காட்டு ஊர்களில் அதோடு சேர்த்து இதையும் எடுக்க என்ன தடை?