தோன்றா எழுவாய்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான்கு பேர் கொண்ட குழுவில் வேலை பார்க்கிறேன். அதில் ஒருவர் தன் பங்கைச் சொன்ன நாளில் முடிப்பதே இல்லை. கெடு நெருங்கும்போது நானே ராத்திரி உட்கார்ந்து அவருடையதையும் முடித்து அனுப்பிவிடுகிறேன். எட்டு மாதமாக இதுதான் கதை. நான் அவருக்கு மேலதிகாரி இல்லை. நல்ல மனிதர், ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். மேலே சொன்னால் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். சக ஊழியரைக் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா? கேட்டு, அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டால்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இந்த எட்டு மாதத்தில் ஒரு வேலையாவது தாமதமானதாக அவருக்குத் தெரியுமா? எல்லாம்தான் கெடுவுக்குள் போய்விடுகிறதே. நீங்கள் கண்விழிப்பது உங்களுக்கும் உங்கள் கணினிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அவர் வாங்கியதே தெரியாத கடனுக்கு வட்டி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவிட்டு அளந்து பார்த்தார். முடிவுகள் 1913இல் வெளிவந்தன. தனியே இழுக்கும்போது ஒருவர் காட்டுகிற பலம், எட்டுப் பேராகச் சேர்ந்து இழுக்கும்போது தலைக்குப் பாதியாகிவிடுகிறது. எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். இன்னொன்று, நம் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியப்போகிறது என்கிற சுணக்கம். 1979இல் பிப் லட்டானே என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் சகாக்களும் கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் பார்த்தார்கள், அதே சுணக்கம். 1981இல் அவர்களே செய்த இன்னொரு சோதனைதான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொருவருடைய சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று சொன்னதும் சுணக்கம் காணாமல் போய்விட்டது. யாரும் திட்டவில்லை, அபராதம் போடவில்லை. யாருடையது எவ்வளவு என்பது தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

உங்கள் குழுவில் அது தெரிய வழியே இல்லை என்று நினைக்கிறேன். மீட்டிங் முடியும்போது நாம் பேசுகிற தமிழைக் கவனியுங்கள். 'திங்கட்கிழமைக்குள்ள அனுப்பிடலாம்.' 'அதைப் பாத்துக்கலாம்.' 'ஒருதடவை சரிபார்த்துட்டா போதும்.' யார் அனுப்புவது, யார் பார்ப்பது? பள்ளியில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்போம்: வாக்கியத்தில் வெளியே தெரியாது, ஆனால் யாரென்று நமக்குப் புரியும். மீட்டிங்கில் வருவது வேறு வகை. அது கடைசிவரை தோன்றுவதே இல்லை. நாலு பேரும் தலையாட்டிவிட்டு எழுந்துபோகிறார்கள், ஒவ்வொருவர் மனதிலும் வேறொருவர் பெயர். எனவே கேள்வி கேட்க வேண்டிய நேரம் கெடு தவறிய பிறகு இல்லை, அந்த 'லாம்' காதில் விழுகிற நொடி. 'சரி, இதை யார் செய்யறது, என்னைக்கு?' என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அப்போது இன்னும் யாரும் தப்பு செய்திருக்கவில்லை, கேட்பதில் கூச்சமும் இருக்காது.

உரிமை என்று பெரிய வார்த்தை போட்டிருக்கிறீர்கள். அவர் தராவிட்டால் உங்கள் வேலை நிற்கிறது இல்லையா? அது போதும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு, என்னையே ஒருவர் கேட்ட கதையைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் உங்கள் நண்பரின் இடத்தில் இருந்தது நான்தான். குழுவில் என்னைவிட வயதில் சின்னப் பெண் ஒருவர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கணக்கைப் புதன்கிழமை தர்றதாச் சொன்னீங்க. இன்னைக்கு வெள்ளி. என்ன ஆச்சு?" அத்தோடு நிறுத்திக்கொண்டார். 'நீங்க எப்பவுமே இப்படித்தான்' வரவில்லை, 'தப்பா நினைச்சுக்காதீங்க' கூட வரவில்லை. பக்கத்துப் பிரிவிலிருந்து விவரம் வரவில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அவங்களை நான் கேக்கவா, நீங்க கேக்கறீங்களா?" என்றார். நானே கேட்கிறேன் என்றேன். "எப்போ?"

அந்த 'எப்போ'வில் மாட்டிக்கொண்டேன். இரண்டு வாரமாக நான் அவர்களை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் முகம் கோணுவார்களோ என்ற பயம். ஆம், உங்கள் வியாதியேதான். உங்கள் நண்பரும் இப்படி எங்கேயாவது சிக்கிக்கொண்டிருக்கலாம், வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். கேட்காமல் தெரியாது.

இரண்டு மூன்று முறை கேட்டும் அசையவில்லை என்றால் மேலே சொல்லுங்கள். ஆனால் முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்: 'இந்த முறை உங்க பங்கை நான் செய்யப்போறதில்லை. கெடு தவறினா காரணத்தை மறைக்க மாட்டேன்.' முன்னாலேயே முகத்துக்கு நேரே சொன்னபின் அது போட்டுக்கொடுத்ததாக ஆகாது. சொன்னபடியே அவர் பங்கைச் செய்யாமலும் இருக்க வேண்டும், அதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குக் கை பரபரக்கும்.

பேசுவதை நிறுத்திவிட்டால் என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்தலாம். அந்தப் பெண்ணிடம் நானும் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் அடுத்த கணக்குக்குக் கெடு. காலையிலேயே கோப்பைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நாலாம் பக்கத்துல கூட்டல் தப்பு" என்றார்.

அன்புடன்.