இசை கேள்வி–பதில்: புளூகிராஸ் குழுவும் முதல் ஆல்பமும்

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். இருவர் கிட்டார் வாசிக்கிறோம். ஒருவர் பல ஆண்டுகளாக வயலின் வாசிப்பவர். நான்காமவர் இப்போதுதான் மாண்டலின் கற்றுவருகிறார். புளூகிராஸ் என்னும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் ஒரு குழு அமைத்து ஆல்பம் வெளியிட வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. தோல் போர்த்த தந்தி வாத்தியமான பான்ஜோ இல்லாமல் தொடங்கலாமா? இரண்டு கிட்டார் இருப்பது இடைஞ்சலா?

பதில்: இந்த இசை எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் உங்கள் இரண்டு ஐயங்களும் பாதி தீர்ந்துவிடும். கென்டக்கியில் பிறந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோ, 1939ஆம் ஆண்டு தம் ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவுடன் நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தார். ஆனால் இன்று நாம் புளூகிராஸ் என்று கேட்டு மகிழும் ஒலி முழு வடிவம் பெற்றது 1945ஆம் ஆண்டின் இறுதியில், ஏர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் தம் மூன்று விரல் பான்ஜோ வாசிப்புடன் அக்குழுவில் சேர்ந்த பிறகுதான். மாண்டலினில் மன்றோ, பான்ஜோவில் ஸ்க்ரக்ஸ், கிட்டாரிலும் பாட்டிலும் லெஸ்டர் ஃபிளாட், ஃபிடிலில் (இந்த இசையில் வயலினுக்கு அதுவே பெயர்) சப்பி வைஸ், டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் ஹோவர்ட் வாட்ஸ் என்று அமைந்த அந்த ஐவர் அணியே பின்னால் வந்த குழுக்களுக்கெல்லாம் முன்மாதிரி ஆயிற்று. குழுவின் பெயரே இசைவகையின் பெயராகவும் நிலைத்துவிட்டது. ஆகவே பான்ஜோ கலைஞர் கிடைக்கும்வரை ஒத்திகையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் அவர் வராமல் ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலை மிதிக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து.

கிட்டார் வாசிக்கும் இருவரில் ஒருவர் டபுள் பேஸுக்கு மாறிவிடுங்கள். கிட்டாரின் கீழ்ச்சுருதித் தந்திகள் நான்கும் எந்த ஸ்வரங்களில் உள்ளனவோ, அவையே ஒரு ஸ்தாயி இறங்கி பேஸில் இருப்பதால், புதிய மொழி கற்பது போன்ற திகைப்பு ஏற்படாது. இந்த மாற்றத்தை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், மரபான புளூகிராஸில் டிரம் கிடையாது என்பதுதான். நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் பேஸ் விழும்; இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் வெட்டும். மாண்டலின்காரர் இடக்கை விரல்களால் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரத் தொகுதியை) அழுத்திப்பிடித்து, வலக்கை தந்திகளில் பட்ட மறுகணமே அந்த விரல்களைச் சற்றுத் தளர்த்திவிடுவார். ஒலி நீளாமல் ‘டக்’ என்று அறுந்துவிடும். டும்–டக், டும்–டக் என்று இருவர் மாறி மாறி வைக்கும் அந்த அடிகள்தாம் இந்த இசையின் முதுகெலும்பு. கற்றுவரும் உங்கள் நண்பர் முதலில் இதைப் பழகட்டும். விரைவான மெட்டுகள் பிறகு வரட்டும். மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளும் வயலினின் நான்கு தந்திகளும் ஒரே சுருதி அமைப்புக் கொண்டவை என்பதால், இடக்கை வழிகளை வயலின் நண்பரிடமே அவர் கேட்டறியலாம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஐவரும் தனித்தனியாக நன்றாகவே வாசிக்கிறோம். சேர்ந்து வாசித்தால் மட்டும் இரைச்சலாக இருக்கிறது. எங்கே தவறு?

பதில்: தவறு பெரும்பாலும் தனி வாசிப்பில் இருக்காது, பக்கவாத்தியமாக அமையும் நேரத்தில்தான் இருக்கும். நான்கைந்து சரணங்கள் உள்ள ஒரு பாடலில் ஒருவருக்குத் தனி வாசிப்பு ஒரு முறை வரும். மீதி நேரமெல்லாம் அவர் அடுத்தவருக்குத் துணைதான். ஆனால் வீட்டில் பயிற்சி செய்யும்போது நாம் அந்த ஒரு முறைக்காகவே விரல் தேய உழைக்கிறோம். பேஸும் மாண்டலினும் மட்டும் ஒரு பாடலை முழுவதும் வாசிக்க, மற்ற மூவரும் கை கட்டிக் கேட்டுப் பாருங்கள். அந்த இருவரிடையே லயம் நிற்கவில்லை என்றால் மேலே எத்தனை அழகு சேர்த்தாலும் நிற்காது. அடுத்து கிட்டாரைச் சேருங்கள். பாடுபவர் வாய் திறந்திருக்கும் வேளையில் பான்ஜோ, ஃபிடில் இரண்டில் ஏதேனும் ஒன்று மட்டுமே, அதுவும் வரிகளுக்கு இடைப்பட்ட மூச்சில் மட்டுமே, நிரப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன். லயத்தை ஒலித்துக் காட்டும் கருவியான மெட்ரோனோமின் ஒலியை ஒன்றாம் எண்ணிக்கையாகக் கொள்ளாமல் மாண்டலின் வெட்டும் இடமாகக் கொண்டு வாசியுங்கள். முதல் நாள் தடுமாறுவீர்கள். இரண்டு வாரத்தில் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பது எவரும் சுட்டிக்காட்டாமலே தெரிந்துவிடும். ஒற்றை மைக்கின் முன் ஐவரும் நின்று, தனி வாசிப்பு வரும்போது முன்னே வந்து, முடிந்ததும் விலகிப் பின்னே செல்லும் பழைய முறையை புளூகிராஸ் பாடகர் டெல் மெக்கௌரியின் குழு நெடுங்காலம் மேடையில் கையாண்டது. மேடைக்காக இல்லாவிட்டாலும் ஒத்திகையில் அதைச் செய்து பாருங்கள். ஒலியின் அளவை ஒரு குமிழைத் திருகிச் சரிசெய்யாமல் நம் கையாலும் காலாலும் சரிசெய்யும் பழக்கம் வந்துவிடும்.

கேள்வி: நான் பாடகி. பழைய பதிவுகளில் ஆண்கள் பாடும் சுருதி எனக்கு ஒத்துவரவில்லை. அதே சுருதியில்தான் பாட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. உங்கள் கட்டையை முதலில் முடிவு செய்யுங்கள். வாத்தியங்கள் உங்களைத் தொடர்ந்து வரட்டும். ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் இருவரும் 1965இல் தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டு, பெண் குரல்களின் தலைமையில் இந்த இசை எவ்வளவு கூர்மையாக ஒலிக்கும் என்பதைக் காட்டிவிட்டார்கள். கிட்டாருக்கும் பான்ஜோவுக்கும், தந்திகளை அழுத்திச் சுருதியை உயர்த்தும் கேப்போ என்னும் கவ்வி இருக்கிறது. பான்ஜோவின் ஐந்தாவது குட்டித் தந்தியை மட்டும் தனியாக ஏற்ற மறந்துவிடாதீர்கள், அபஸ்வரம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். உங்களுக்கு மேலே ஒரு குரலும் கீழே ஒரு குரலும் இணையும்போது, மேல்குரல் தொண்டையைக் கிழித்துக்கொள்ளாமல் எட்டும் உயரத்தையும் கணக்கில் கொண்டு கட்டையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் ஆல்பத்துக்குப் பன்னிரண்டு பாடல்கள் தயார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்தால் பிழைகளைத் திருத்த எளிது என்று ஒலிப்பொறியாளர் சொல்கிறார். எங்களுக்கோ சேர்ந்து வாசிக்கத்தான் மனம் விரும்புகிறது.

பதில்: உங்கள் மனம் சொல்வதைக் கேளுங்கள். ஒலிப்பொறியாளர் சொல்வது தவறு அன்று. வேறு பல இசைவகைகளில் அதுவே சிறந்த முறை. இங்கே நாம் பதிய வந்திருப்பது ஐந்து வாத்தியங்களை அல்ல, ஐவருக்கும் இடையே நடப்பதை. மன்றோவின் அந்த ஐவர் அணி 1946இல் சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது, காந்த நாடா கூடங்களுக்கு வந்திருக்கவில்லை. வாசிப்பு நேரடியாக இசைத்தட்டில் வெட்டப்பட்டது. யாரேனும் ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்தக் கட்டாயம் அவர்கள் வாசிப்புக்குக் கொடுத்த விழிப்பை இன்றும் கேட்க முடிகிறது.

எங்கள் குழுவின் முதல் பதிவை நாங்கள் தனித்தனியாகத்தான் செய்தோம். மெட்ரோனோமின் கிளிக் ஒலியைக் காதில் வைத்துக்கொண்டு முதலில் கிட்டார், பிறகு பேஸ், பிறகு மாண்டலின் என்று போய், கடைசியில் ஃபிடில்காரர் வெறும் அறையில் தன்னந்தனியாக நின்று வாசித்தார். ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை. ஆனால் எங்களில் எவருக்கும் அதை இரண்டாம் முறை கேட்கத் தோன்றவில்லை. சில வாரங்கள் கழித்துத் திரும்பச் சென்று, கை நீட்டினால் தொடும் தொலைவில் அரைவட்டமாக நின்று அதே பாடலை வாசித்தோம். மூன்றாவது முறை வாசித்தபோது, ஃபிடில்காரர் வழக்கத்தைவிடச் சற்று முன்பே வில்லை உயர்த்துவதை மாண்டலின்காரர் கண்டு, தம் கடைசி இரண்டு அடிகளை வைக்காமல் விட்டுவிட்டார். அந்த வெற்றிடத்தில் வில் தந்தியின் மேல் வழுக்கி இறங்கும் ஒலி மட்டும் கேட்டது. யாரும் திட்டமிடாத அந்த இரண்டு அடிகளுக்காகத்தான் நான் இன்றும் அந்தப் பாடலைப் போட்டுக் கேட்கிறேன்.

சேர்ந்து பதியும்போது ஒரு வாத்தியத்தின் ஒலி மற்றதன் மைக்கில் கசியும். கசிவை முற்றிலும் ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அது கெடுதல் செய்யாதபடி அமைத்தால் போதும். பெரும்பாலான மைக்குகளுக்குச் செவிடான பக்கம் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் பான்ஜோவை நோக்கும்படி மற்றவர்களின் மைக்குகளைத் திருப்பச் சொல்லுங்கள். கிட்டார் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைத்தால் குமுறும்; கழுத்து உடலோடு சேரும் இடத்தை நோக்கி ஒரு சாண் தொலைவில் வைப்பது நல்ல தொடக்கம். ஒவ்வொரு முறை வாசிப்பதற்கு முன்பும் எல்லோரும் சுருதி சரிபாருங்கள். இரண்டாம் முறையின் தொடக்கத்தையும் நான்காம் முறையின் முடிவையும் ஒட்டவைக்க வேண்டிய நிலை வந்தால், சுருதியும் காலப்பிரமாணமும் ஒத்திருந்தால்தான் அது கைகூடும். கடைசிச் சரணத்தில் வேகம் இம்மியளவு ஏறினால் கவலைப்பட வேண்டாம். ஐவரும் சேர்ந்தே ஏறியிருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள்.

கேள்வி: ஆல்பத்தில் பழம்பாடல்கள், பிற குழுக்களின் பாடல்கள், எங்கள் சொந்தப் பாடல்கள் மூன்றும் உள்ளன. உரிமை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பாட்டின் வரியும் மெட்டும் ஓர் உரிமை, அதன் குறிப்பிட்ட ஒலிப்பதிவு வேறோர் உரிமை. நீங்களே வாசித்துப் பதிவதால் இரண்டாவது உங்களுடையது. முதலாவது பாடலை இயற்றியவருடையது, அதற்கு முறையான அனுமதியும் கட்டணமும் தேவை. பழம்பாடல் என்று எல்லோரும் பாடும் பல பாடல்களுக்கு இயற்றியவர் ஒருவர் இருப்பார், பாடல்வாரியாகத் தேடிப்பாருங்கள். சொந்தப் பாடல்களில் வரி யாருடையது, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திட்டு வையுங்கள். நட்பு கெட்டியாக இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

கேள்வி: ஒலிப்பதிவுக்கு முன் தந்திகளை எப்போது மாற்றுவது?

பதில்: கிட்டார், மாண்டலின், பான்ஜோ மூன்றுக்கும் ஒரு நாள் முன்பே மாற்றி, ஒரு மணி நேரமாவது வாசித்து இழுபடவிடுங்கள். அன்று காலை மாற்றினால் நாள் முழுவதும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். டபுள் பேஸின் தந்திகளைத் தொடவே வேண்டாம்; பழகிய தந்திதான் அதற்கு நல்லது. மாண்டலினுக்கு மட்டும் மாற்றுத் தந்திகள் இரண்டு ஜோடி கையோடு எடுத்துச் செல்லுங்கள்.